பதினோரு திங்கட்கிழமைகள்

அச்சகத்தில் அவளைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. ஓர் எழுத்தின் தலையில் புள்ளி விடுபட்டிருந்தால், தாள் அவள் மேசைக்கு வந்து சேருமுன்பே, கொண்டுவருகிறவர் கையில் இருக்கும்போதே கண்டுபிடித்துவிடுவாள் என்று பேச்சு. கொஞ்சம் மிகைதான். ஆனாலும் அரசு அச்சகத்தில் பத்தொன்பது வருடமாக மெய்ப்பு பார்க்கிறாள். அரசிதழில் வருகிற எந்த அறிவிப்பும் அவள் கையெழுத்து விழாமல் எந்திரத்துக்குப் போகாது. இத்தனை வருடத்தில் அவள் விட்ட பிழை என்று ஒன்றை யாரும் காட்டியதில்லை. அந்தத் திமிர் அவளுக்கு உண்டு. உழைத்துச் சம்பாதித்த திமிர், இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த வருடத்துப் பொது விடுமுறைப் பட்டியல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவளிடம் வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேண்டிய தாள் அது. ஒரு தேதி பிசகினால் நாடே தப்பான நாளில் வீட்டில் உட்கார்ந்துவிடும். முதல் விடுமுறை திங்கள் என்றிருந்தது. இரண்டாவதும் திங்கள். மூன்றாவதும் திங்கள் என்றதும், தட்டச்சு செய்தவர் தூக்கக் கலக்கத்தில் ஒரே கிழமையை இழுத்துக்கொண்டே போய்விட்டார் என்று நினைத்துச் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தாள். நாட்காட்டியை எடுத்து ஒத்துப் பார்த்தாள். கிழமை தப்பில்லை. தேதிகளே திங்கட்கிழமைக்கு நகர்ந்திருந்தன. பதினோரு விடுமுறை, பதினொன்றும் திங்கள்.

மேலே முகப்பில் காரணமும் போட்டிருந்தார்கள். வாரத்தின் நடுவில் வரும் விடுமுறைகளால் ஆலைகளும் அலுவலகங்களும் நின்று நின்று ஓடுவதாலும், மக்கள் மூன்று நாள் சேர்ந்தாற்போல் குடும்பத்துடன் பயணம் செய்து மகிழவேண்டும் என்பதாலும், எல்லாப் பொது விடுமுறைகளும் அந்தந்த வாரத்துத் திங்கட்கிழமைக்கு மாற்றப்படுகின்றன. மந்திரி இதைத் தொலைக்காட்சியிலும் சொல்லியிருந்தார். பின்னால் ஒரு கடற்கரைப் படத்தை மாட்டிவைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்.

புள்ளியக்கா அந்த வரியை மறுபடி படித்தாள். மகிழவேண்டுமாம்.

அவள் வீட்டுக்காரர் இருபத்துநாலு வருடம் பஸ் ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு இரண்டு வருடமாகிறது. திங்களும் வியாழனும் காலை ஆறு மணிக்கு அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். கையில் இரண்டு ஊசி ஏற்றி, ரத்தத்தை எந்திரத்தில் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவார்கள். நாலு மணி நேரம் ஆகும். உண்மையில் வாரத்துக்கு மூன்று தடவை செய்யவேண்டும் என்று டாக்டரே சொல்கிறார். இருப்பது எட்டு எந்திரம், அதனால் இரண்டு தடவைதான். திங்கள்–வியாழன் கூட்டம், செவ்வாய்–வெள்ளிக் கூட்டம், புதன்–சனிக் கூட்டம் என்று மூன்று பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும், நாளுக்கு மூன்று ஷிப்டாக, இருபத்துநாலு பேர். ஒருவரை இந்தப் பக்கம் நகர்த்த வேண்டுமென்றால் இன்னொருவரை அந்தப் பக்கம் தள்ள வேண்டும். தள்ள இடம் கிடையாது.

பொது விடுமுறையில் டயாலிசிஸ் பிரிவையே பூட்டிவிடுவார்கள். முன்பெல்லாம் விடுமுறை ஒரு தடவை செவ்வாயில் விழும், ஒரு தடவை வெள்ளியில் விழும். எல்லார் தலையிலும் கொஞ்சம் கொஞ்சம் விடியும், பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிப்பார்கள். இனிமேல் எல்லாமே திங்கட்கிழமைக்காரர் தலையில். திங்கள் போனால் ஒரு வியாழனிலிருந்து அடுத்த வியாழன் வரை ஏழு நாள். ஏழு நாள் குடித்த தண்ணீர் அத்தனையும் உடம்புக்குள்ளேயே தங்கும். முதலில் காலில் ஏறும், பிறகு வயிற்றில், பிறகு நெஞ்சில். அதற்குமேல் அது ஏற இடமில்லை, மூச்சுதான் நிற்கவேண்டும்.

இதெல்லாம் கற்பனை இல்லை. இந்த வருடமே 'சோதனை முறையில்' மூன்று விடுமுறைகளை நகர்த்திப் பார்த்தார்கள். மூன்றாவது சோதனையில் டெய்லர் செத்துப்போனார்.

டெய்லர் அவள் வீட்டுக்காரருக்குப் பக்கத்துப் படுக்கை. கழுத்தில் இஞ்ச் டேப்போடுதான் ஆஸ்பத்திரிக்கே வருவார். தினமும் காலையில் தன் கணுக்காலை அளந்து சின்ன நோட்டில் குறித்துவைப்பார். "டிரைவரே, இன்னைக்கு அரை இஞ்ச் ஏறியிருக்கு, பேண்டைப் பிரிச்சுத்தான் தைக்கணும்" என்பார். அந்த வாரத்து விடுமுறை புதன்கிழமை வரவேண்டியது, திங்களுக்கு மாற்றினார்கள். ஊர் மூன்று நாள் கூத்தடித்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை வேலைக்குத் திரும்பியது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு டெய்லருக்கு மூச்சு முட்டி, அவர் மனைவி ஆட்டோவில் போட்டுக் கூட்டிவந்தாள். அவசரப் பிரிவிலிருந்து எந்திர அறைக்கு இருநூறு அடி இருக்கும். எட்டு எந்திரத்திலும் புதன்கிழமைக்காரர்கள். ஒன்று காலியாகட்டும் என்று காத்திருந்தபோதே போய்விட்டார். சான்றிதழில் 'இதயச் செயலிழப்பு' என்று எழுதினார்கள். மந்திரி பெயரை எழுதியிருக்க வேண்டும் என்று புள்ளியக்கா அன்றைக்கே சொன்னாள்.

மூன்று சோதனைக்கே ஓர் உயிர். இப்போது பதினொன்று.

அன்று மத்தியானமே அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே கண்காணிப்பாளர் கையை விரித்தார். அறிவிப்பின் பின்னிணைப்பில் 'விடுமுறை நாளிலும் திறந்திருக்க வேண்டிய இடங்கள்' என்று ஒரு பட்டியல் வரும். அதில் பெயர் இருந்தால் ஊழியர்களுக்கு இரட்டைச் சம்பளம் கொடுத்துத் திறக்கலாம், பெயர் இல்லாவிட்டால் ஒரு நர்ஸைக்கூட வரச்சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. அவசரப் பிரிவு இருக்கிறது, பிரசவப் பிரிவு இருக்கிறது, டயாலிசிஸ் இல்லை. பட்டியலை எழுதுவது தலைமைச் செயலகத்தில் விடுமுறைப் பிரிவு என்றார். அங்கே போனாள்.

நாலாவது மாடி. லிஃப்ட் கதவில் 'பழுது' என்று எழுதி, அந்த அட்டையே பழுப்பேறியிருந்தது. விடுமுறை அதிகாரியின் அறைச் சுவரில் அடுத்த வருடத்து நாட்காட்டி அதற்குள் தொங்கியது, திங்கட்கிழமைகளில் சிவப்பு வட்டம் போட்டு. மனிதர் மரியாதை தெரிந்தவர். எழுந்து நாற்காலியைக் காட்டினார். டீ வரவழைத்தார். இப்படிப்பட்டவர்களிடம் கோபப்படுவதுதான் ரொம்பக் கஷ்டம்.

"அச்சகத்துலேருந்தா வரீங்க? பட்டியல்ல ஏதாவது தப்பாம்மா?"

"தப்புதான் சார். பதினோரு திங்கக்கிழமை டயாலிசிஸ் பிரிவை மூடிடுவாங்க. பின்னிணைப்புல பேரைச் சேர்த்தா தொறக்கறேங்கறாங்க. ஒரே ஒரு வரி."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, விவரம் தெரியாத பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

"ஒரு வரின்னு லேசா சொல்லிட்டீங்க. ஒரு வரி சேர்க்கணும்னா அஞ்சு துறைச் செயலாளர்கள் கூடி உக்காரணும். சட்டத்துறை பாக்கணும். நிதித்துறை ஒத்துக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவைதான் கூடுவாங்க, இந்த வருஷம் கூடி முடிச்சாச்சு. இப்ப மனு குடுங்க, அடுத்த கூட்டத்துல வைக்கறேன். அதுக்கு அடுத்த பட்டியல்ல வர வாய்ப்பிருக்கு."

"அதுவரைக்கும் என்ன சார் பண்றது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். உண்மையிலேயே அக்கறையோடுதான் யோசித்தார்.

"தண்ணியைக் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லுங்கம்மா."

ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர் என்று பாட்டிலில் கோடு போட்டு, மாத்திரைக்கு ஒரு வாய், சாப்பாட்டுக்கு இரண்டு வாய் என்று குடிக்கிற மனுஷன் அவள் வீட்டுக்காரர். வெயில் நாளில் ஈரத்துணியை உதட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுகிறார், மின்விசிறிக்குக் கீழே டீ குடிக்கிற இந்த ஆள். எதிரில் இருந்த டம்ளரைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்திருப்பாள். வேலை நினைவுக்கு வந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பின்னிணைப்பைக் கொஞ்சம் காட்டுங்க சார்."

காட்டினார். இருபத்திரண்டு வரி. அவளும் அதை வருடா வருடம் பார்த்திருக்கிறாள், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று. அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று இன்றைக்குத்தான் படித்தாள். அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாவது வரி கலங்கரை விளக்கங்கள், சரி. ஒன்பதாவது பனிக்கட்டி ஆலைகள். பதினொன்றாவது அரசுக் குதிரை லாயங்கள். பதினாலாவது தந்தி நிலையங்கள்.

"சார், தந்தியை நிறுத்தி எத்தனை வருஷமாச்சு?"

"அது ஆச்சு, பதினாலு பதினஞ்சு வருஷம்."

"அப்புறம் ஏன் சார் இது இன்னும் இருக்கு?"

"ஒரு வரியை எடுக்கணும்னாலும் அதே கூட்டம்தாம்மா. யாரு மெனக்கெடறது? போன வருஷத்து ஃபைலை எடுப்போம், தேதியை மாத்துவோம், அனுப்பிடுவோம். நாங்க சரிபார்க்கறது தேதியை மட்டும்தான்." ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். பத்தாம் வகுப்புப் பையன் அடிக்கிற ஈயடிச்சான் காப்பியைத்தான் ஓர் அரசாங்கமே வருடா வருடம் அடித்துக்கொண்டிருக்கிறது, அதையும் வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்கிறது.

மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் கடைசி மெய்ப்பு வந்தது. விடுமுறை அதிகாரி தேதிகள் இருந்த முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். பின்னிணைப்பைப் புரட்டின அடையாளம்கூட இல்லை. இனி அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் நேரே எந்திரம்.

இருபத்துமூன்றாவது வரி ஒன்றைச் சேர்த்தால் பக்கம் கீழே இறங்கும், அடுத்த பக்கத்தின் எண் மாறும், யாராவது கவனிப்பார்கள். அவளுக்குத் தெரியாத வித்தையா? பதினாலாவது வரியில் 'தந்தி நிலையங்கள்' என்பதைச் சிவப்பில் அடித்தாள். ஓரத்தில், தன் உருண்டையான கையெழுத்தில், 'இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவுகள்' என்று எழுதினாள். இருபத்திரண்டு இருபத்திரண்டாகவே இருந்தது. குற்றம்தான், இல்லையென்று யார் சொன்னார்கள்? பத்தொன்பது வருடம் அடுத்தவர் எழுத்தைத் தொடாமல் புள்ளியையும் கொம்பையும் மட்டும் திருத்திய கை அது. ஆனால் டெய்லர் செத்தது எந்தக் குற்றத்தில் சேர்த்தி என்று இவர்களிடம் யாராவது கேட்டார்களா?

கணினியில் திருத்தம் போடுகிறவர் அந்த வரியைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, வார்த்தையே மாறுது?" என்றார்.

"ஏன், நான் என்னைக்காவது தப்பாத் திருத்தியிருக்கேனா?"

"ஐயையோ, நான் அப்படிச் சொல்லுவேனா!" என்று அவர் அப்படியே திருத்திக் கொடுத்துவிட்டார். பத்தொன்பது வருடத்து நல்ல பெயரை அந்த ஒரு வரியில் முழுதாகச் செலவழித்தாள்.

வீட்டில் மூச்சு விடவில்லை. புது வருடத்தின் முதல் திங்கட்கிழமை விடுமுறைக்கு இரண்டு நாள் முன்னால் ஆஸ்பத்திரிக் கதவில் தாள் ஒட்டினார்கள்: பின்னிணைப்பு, வரிசை எண் பதினான்கின்படி திங்கட்கிழமை பிரிவு திறந்திருக்கும். தலைமை நர்ஸ் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "இது எப்படிம்மா நடந்துச்சு?" என்றாள். திங்கட்கிழமை இருபத்துநாலு பேரும் வந்தார்கள். தெருவெல்லாம் கடை சாத்தியிருக்க, அந்த ஓர் அறையில் மட்டும் எட்டு எந்திரமும் ஓடின.

"அரசாங்கத்துக்குத் திடீர்னு புத்தி வந்துடுச்சே, பயமா இருக்கு" என்று அவள் வீட்டுக்காரர் கையை நீட்டியபடி சிரித்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

இரண்டாவது விடுமுறைத் திங்களும் திறந்தார்கள். மூன்றாவது திங்களுக்கு மூன்று நாள் இருக்கும்போது அவளைத் தலைமைச் செயலகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

காட்டிக்கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சட்டத்துறை இல்லை, நிதித்துறை இல்லை. அவர்களுக்கெல்லாம் படிக்கிற வழக்கமே கிடையாது. தந்திக்காரர்தான்.

தந்தியை நிறுத்திய நாட்டில் ஒரு தந்தி நிலையம் மட்டும் மூடப்படாமல் இருந்தது. மூடவேண்டும் என்று யாரும் உத்தரவு எழுதவில்லை, அதனால் அது இருந்தது. மூன்று அறை, ஒரு மேசை, ஓர் ஊழியர். தினம் காலை பத்து மணிக்குத் திறப்பார். தூசி தட்டுவார். செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படிப்பார். ஐந்து மணிக்குப் பூட்டுவார். விடுமுறை நாளிலும் பட்டியல்படி வந்து திறந்து வைத்து, இரட்டைச் சம்பளம் வாங்கிக்கொள்வார். புது வருடத்தில் இரண்டு விடுமுறைக்கு அது வரவில்லை. உடனே அரசிதழை வாங்கிப் பார்த்தார். ஆக, அந்தப் பட்டியலை அர்த்தத்தோடு படித்த இரண்டாவது ஆள் அவர். அன்றே புகார் எழுதிப்போட்டார்.

படிக்கட்டு ஏறும்போதே அச்சக மேலாளர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். அவள் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவளைத் தெரிந்தவர்.

"இங்க பாருங்க, 'கை தவறிடுச்சு சார்'னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட முடிச்சுடலாம். திருத்தம் போட்டுப் பழைய வரியைக் கொண்டாந்துடுவோம். வேணும்னே பண்ணேன்னு வாயைத் தொறந்தீங்க, வேலை போயிடும். உங்க ஒருத்தர் சம்பளத்துலதான் வீடு ஓடுது, ஞாபகம் வச்சுக்குங்க."

"பழைய வரி வந்தா இந்தத் திங்கக்கிழமை?"

அவர் மேலே பார்த்துக்கொண்டு ஏறினார்.

விடுமுறை அதிகாரியின் அறையில் தந்திக்காரர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். தேய்த்த சட்டை, மடியில் ஃபைல். அதிகாரி இந்தத் தடவை டீ வரவழைக்கவில்லை. மெய்ப்புத் தாளை மேசையில் விரித்தார். சிவப்பு எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமா சார்."

"கவனக்குறைவுல..." என்று மேலாளர் எடுத்துக் கொடுத்தார்.

"கவனக்குறைவு இல்ல. என் கை தவறாது சார், அது உங்களுக்கே தெரியும். படிச்சேன், அடிச்சேன், எழுதினேன்."

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரியின் முகம் சுருங்கியது. "நீங்க மெய்ப்பு பாக்கறவங்கம்மா. இது சட்டம். இதுல கை வைக்க நீங்க யாரு?" என்றார். பிறகு தட்டச்சுப் பெண்ணைக் கூப்பிட்டுத் திருத்த அறிவிப்பைச் சொல்லிக்கொண்டே போனார். வரிசை எண் பதினான்கில் 'இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவுகள்' என்பதை நீக்கிவிட்டு 'தந்தி நிலையங்கள்' எனப் படிக்கவும். தாள் வந்தது. பேனாவைத் திறந்தார்.

"போடுங்க சார்" என்றாள் புள்ளியக்கா. குரல் அவளை மீறி உயர்ந்தது. "பேரும் பதவியும் தெளிவாத் தெரியற மாதிரி போடுங்க. திங்கக்கிழமை காலையில ஆறு மணியிலேருந்து இருபத்துநாலு பேர் வந்து நிப்பாங்க. இந்தத் தாளை நானே கொண்டுபோய்க் கதவுல ஒட்டறேன். யாரு நிறுத்தினதுன்னு கேட்டா பேரைக் காட்டணும்ல? போன வருஷம் செத்தவருக்கு எந்தப் பேரையும் காட்ட முடியலை."

பேனா காற்றில் நின்றது. அதிகாரி தாளை மெதுவாக மேலாளர் பக்கம் நகர்த்தினார். "தப்பு நடந்தது அச்சகத்துல. நீங்களே போட்டுடலாமே?" மேலாளர் அதைத் தொட்டால் சுட்டுவிடும்போல இரண்டு விரலால் திருப்பித் தள்ளினார். "அறிவிப்பு உங்களுது சார். நாங்க அச்சடிக்கறவங்க." தாள் மேசையின் குறுக்கே இரண்டு தடவை போய் வந்தது.

தந்திக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "யாரு போட்டா என்ன சார்? அவங்க வரி இருந்தா இருந்துட்டுப் போகட்டும். என் வரி எனக்கு வேணும்."

அதிகாரியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. இவ்வளவு சுலபமான வழி ஏன் தோன்றவில்லை என்கிற வெளிச்சம். தொலைபேசியை எடுத்துச் சட்டத்துறையில் யாரையோ கூப்பிட்டார். "ஆமா, சேர்க்கறதுதான்... இருபத்துமூணாவதா... பழசுதான், ஒண்ணும் புதுசில்ல... சரி, சரி." வைத்தார். நிதித்துறைக்கு ஒரு போன். அங்கே அதைவிடச் சீக்கிரம் முடிந்தது. தட்டச்சுப் பெண் வேறு தாள் கொண்டுவந்தாள். வரிசை எண் இருபத்திரண்டுக்குப் பின் இருபத்துமூன்று: தந்தி நிலையங்கள் எனச் சேர்த்துப் படிக்கவும். அதிகாரி ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டார். தந்திக்காரர் நன்றி சொல்லி, ஃபைலை மூடிக்கொண்டு, சட்டையைச் சரிசெய்தபடி போய்விட்டார்.

புள்ளியக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

"ஒரு வரி சேர்க்க அஞ்சு துறை கூடணும்னு சொன்னீங்களே சார்" என்றாள்.

"அது அப்படித்தாம்மா. ஆனா இது வேற மாதிரி."

"என்ன வேற மாதிரி?"

"அவரு பாதிக்கப்பட்டிருக்காரு இல்லையா? ரெண்டு மாசமா அவருக்கு வரவேண்டியது வரலையே" என்றார் அதிகாரி. மனதார, நியாயமாக, கொஞ்சம் வருத்தத்தோடுகூடச் சொன்னார்.

அவள் பேச வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது. இவர்கள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். அப்படியும் வந்துவிட்டது. "பாதிக்கப்பட்டவருன்னா யாருன்னு தெரியுமா சார் உங்களுக்கு? அவங்க மனு எழுத மாட்டாங்க. எழுதறதுக்கு இருக்க மாட்டாங்க. பதினோரு நிமிஷம் சார். வெட்கமா இல்லையா?"

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கான தாளும் தயாராக இருந்தது. அரசு ஆவணத்தில் அதிகாரமின்றி மாற்றம் செய்ததற்காகப் பணிநீக்கம். திங்கட்கிழமை பொது விடுமுறை என்பதால், செவ்வாய்க்கிழமை முதல். பதினாலாவது வரியை என்ன செய்வது என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் பேசவில்லை. அதை நீக்கக் கையெழுத்துப் போட யாரும் இல்லாததால் அது அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனாள். பிரிவு திறந்திருந்தது. நர்ஸ் ஊசி ஏற்றி, எந்திரத்தை ஓட்டிவிட்டு நகர்ந்ததும், படுக்கை ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ரத்தம் குழாயில் போய் வந்துகொண்டிருந்தது. மேல்கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

"என்னால உன் வேலை போச்சே."

அவளுக்கு வந்ததே கோபம். நாலாவது மாடியில் வந்ததைவிடப் பெரிதாக வந்தது.

"உங்களாலயா? நீங்க என்ன பண்ணீங்க? பஸ் ஓட்டினீங்க, சீக்கு வந்து படுத்தீங்க. அவ்வளவுதான் நீங்க பண்ணது. அவங்க பண்ண பாவத்தை எடுத்து எதுக்கு உங்க தலையில போட்டுக்கறீங்க? இன்னொரு தடவை அப்படிச் சொன்னீங்க, இந்த மெஷினை நானே நிறுத்திடுவேன், பாத்துக்குங்க."

டெய்லர் இருந்த படுக்கையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு கண்டக்டர் அதைக் கேட்டுச் சத்தம்போட்டுச் சிரித்தார். வீட்டுக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.